ஆர்டுயினோ பெட்டி: ரோபோவை விடுங்கள், அளவெடுக்க வாங்குங்கள்

முதலே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு ஏசக்கூடாது. புறக்கோட்டையிலும் ஒன்லைனிலும் ‘ஆர்டுயினோ ஸ்டார்ட்டர் கிட்’ என்று ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் அடுக்கி விற்கிறார்களே, அது வீட்டில் ஒரு பிள்ளை தனியே இருந்து நோண்டுவதற்கு அருமையான சாமான். ஆனால் நாற்பது பேர் இருக்கிற வகுப்புக்கு அதை அப்படியே வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை. அந்தப் பெட்டிக்குள் இருக்கிறவற்றில் நாலைந்தை மட்டும் பொறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, உதிரியாக வாங்கினால் தரம் 10, 11க்கு விஞ்ஞானமும் கணிதமும் சேர்த்துப் படிப்பிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நான் கொழும்பில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பழைய மாணவிகள் சங்கம் எங்கள் ஆய்வுகூடத்துக்கு இரண்டு முழுப் பெட்டிகள் தந்தது. உதிரிச் சாமான்களை விஞ்ஞானக் கழகக் காசில் நானே தேடி வாங்கினேன். இரண்டையும் வைத்துப் படிப்பித்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். என்னைப்போல மின்னியல் படிக்காத, பௌதிகவியலைப் பல்கலைக்கழகத்தோடு விட்டுவிட்டு வந்த டீச்சர்மாருக்குத்தான் இது கூடப் பயன்படும். ஐசிரி (தகவல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிற சேர்மாருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஆர்டுயினோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2005 அளவில் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், பொறியியல் படிக்காத டிசைன் மாணவர்களும் இலகுவாக மின்சுற்றோடு வேலை செய்யவேண்டும் என்று தொடங்கிய, புரோகிராம் ஏற்றிச் சென்சர்களை இணைக்கிற சின்ன மின்சுற்றுப் பலகை, அதாவது போர்ட், இது. நாம் எல்லாரும் பாவிக்கிற ‘ஊனோ’ 2010இல் வந்தது. வடிவமைப்பை அவர்களே பகிரங்கமாக வெளியிட்டிருப்பதால், பெயரையும் லோகோவையும் களவெடுக்காத வரைக்கும் யாரும் அதே போர்டைச் செய்து விற்கலாம். புறக்கோட்டையில் கிடைப்பதில் பெரும்பகுதி அப்படிச் செய்தவைதான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஒரே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மலிவு போர்டுகளில் யூஎஸ்பி பக்கத்து வேலைக்கு ‘சீஎச் 340’ என்ற சிப் போட்டிருப்பார்கள். அதற்கான டிரைவர் என்ற சின்ன மென்பொருளைக் கணினியில் போடாவிட்டால் போர்டைச் செருகினாலும் கணினி கண்டுகொள்ளாது. லைட் எரியும், புரோகிராம் மட்டும் ஏறாது, நீங்கள் போர்ட் பழுது என்று கடைக்குக் கொண்டு ஓடுவீர்கள்.

இன்னொன்று, பள்ளிக்கூடக் கணினிகள். ஆர்டுயினோ மென்பொருளின் இரண்டாம் பதிப்புக்கு 64 பிற் விண்டோஸ் 10 வேண்டும். எங்கள் லாபில் இருக்கிற பழைய மெஷின்களில் அது கனவிலும் ஓடாது. 1.8.19 என்ற பழைய பதிப்பைத் தரவிறக்கிப் போடுங்கள், வகுப்பு வேலைக்கு அதுவே போதும், திறக்கவும் சுறுக்காகத் திறக்கும்.

சரி, பெட்டிக்குள் வருவோம். திறந்தவுடன் பிள்ளைகளின் கண் போவது கார்ட் வாசிக்கிற கருவி, ரிமோட், ஸ்டெப்பர் மோட்டர், சின்ன எல்ஈடி சதுரம் ஆகியவற்றின்மேல்தான். இவை ஒவ்வொன்றிலும் ஒன்று மட்டும் இருப்பதால் வகுப்பில் ஒரு மேசைக்கு வேலை, மற்ற மேசைகளுக்கு வேடிக்கை. டீஎச்டீ 11 என்ற நீல நிற வெப்பநிலைச் சென்சரை நம்பவேண்டாம். அதன் தரவுத்தாளிலேயே இரண்டு பாகை கூடக்குறைய இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. கொழும்பில் காலைக்கும் மத்தியானத்துக்குமே நாலைந்து பாகைதானே வித்தியாசம், அதில் இரண்டு பாகை பிழை என்றால் என்னத்தை அளப்பது? 9 வோல்ற்று பற்றரிக்கு ஒரு கிளிப் தந்திருப்பார்கள். அந்தச் சதுரப் பற்றரியால் கூடிய மின்னோட்டம் தர முடியாது. சேர்வோ மோட்டர் (சொன்ன கோணத்துக்குத் திரும்புகிற சின்ன மோட்டர்) ஒரு முறை திரும்பினாலே மின்னழுத்தம் விழுந்து போர்ட் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், பிள்ளைகள் தங்கள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். போன் சார்ஜ் பண்ணுகிற பவர் பாங்க் ஒன்றே போதும்.

எல்சீடீ திரை பற்றி ஒரு விசயம் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் எங்கள் இரண்டு பெட்டிகளிலும் இதே கதை. எல்லாம் சரியாக இணைத்து, புரோகிராமும் ஏற்றி, திரை நீலமாக ஒளிர்கிறது, ஆனால் ஒரு எழுத்தும் இல்லை. திரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற சின்னப் பலகையில் நீல நிறத்தில் ஒரு பெட்டியும் அதன் நடுவில் வெள்ளை நிறத்தில் கூட்டல் குறிபோல ஒரு திருகாணியும் இருக்கும். சின்ன ஸ்குரூ டிரைவரால் அதை மெல்லத் திருப்பினால் எழுத்துகள் இருட்டிலிருந்து வருவதுபோல வெளியே வரும். அப்படியும் வராவிட்டால் புரோகிராமில் போர்ட் திரையைக் கூப்பிடுகிற முகவரியை 0எக்ஸ்27 என்பதிலிருந்து 0எக்ஸ்3எஃப் என்று மாற்றிப் பாருங்கள். பெட்டியோடு வருகிற வழிகாட்டியில் இது இரண்டும் இல்லை. அந்த வழிகாட்டியைப் பற்றி வேறு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இனி நல்லதைச் சொல்கிறேன். பெட்டியில் இரண்டு கண் வைத்த முகம்போல ஒரு சென்சர் இருக்கும், எச்சீ-எஸ்ஆர்04. ஒரு கண் 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியைக் கேட்கும், போய்வந்த நேரத்தை போர்ட் மைக்ரோ செக்கனில் எண்ணும். இரண்டு சென்ரிமீற்றரிலிருந்து நாலு மீற்றர் வரைக்கும் அளக்கலாம் என்று சொல்லப்படுகிறது. பெட்டியிலேயே மலிவான சாமான்களில் ஒன்று இது, ஆனால் இந்த ஒன்றுக்காகவே நான் முழுத் திட்டத்தையும் மாற்றினேன்.

தரம் 11 அலைகள் பாடத்தில் எதிரொலி வரும்போது இதை மேசைக்கு ஒன்றாகக் கொடுத்து, சுவரிலிருந்து டேப்பால் சரியாக 200 சென்ரிமீற்றர் அளந்து வைக்கச் சொன்னேன். இணையத்தில் எல்லாரும் பிரதி பண்ணிப் போட்டிருக்கிற அதே புரோகிராம்தான், நேரத்தை 0.034ஆல் பெருக்கி இரண்டால் பிரிக்கிற வரி உள்ளது. திரையில் 194, 195 என்று வந்தது. “டீச்சர், எங்கட சென்சர் பிழை” என்று ஒரு மேசை. “எங்கடயும்தான்” என்று அடுத்த மேசை. டேப்பைச் சந்தேகித்தார்கள், பிறகு சென்சரை மாற்றிப் பார்த்தார்கள், ஒரு பிள்ளை சுவரில் மை அடித்திருப்பதால்தான் என்று ஒரு கதை கட்டினாள். எல்லா மேசையிலும் ஒரே பக்கமாக, கிட்டத்தட்ட ஒரே அளவு குறைகிறது என்றால் அது சென்சரின் குறையாக இருக்க முடியுமா என்று நான் கேட்டதும் வகுப்பு கொஞ்சம் அமைதியானது. கடைசியில் பின்வரிசையில் இருந்த ஒருத்திதான் 0.034 எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

அதுதான் கேள்வி. 0.034 என்றால் ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் என்று எடுத்திருக்கிறார்கள். வளியில் ஒலியின் வேகம் 0 பாகையில் 331 மீற்றர் அளவு, ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 கூடும். திருப்பிக் கணக்குப் பார்த்தால் 340 என்பது 15 பாகை வளிக்குரியது, அதாவது நுவரெலியாவில் சரிவரும் புரோகிராம். எங்கள் ஆய்வுகூட வெப்பமானி அன்றைக்கு 30 காட்டியது, அப்போது வேகம் 349. வரியை 0.0349 என்று மாற்றியதும் ஒன்றிரண்டு மேசை தவிர மற்ற எல்லாமே 200ஐ ஒட்டி வந்தன. முறைமை வழு (எல்லா அளவும் ஒரே பக்கமாகப் பிழைப்பது), எழுமாற்று வழு (அங்குமிங்குமாகப் பிழைப்பது) என்று நான் எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டும் ஏறாத விசயம் அந்த இரட்டைப் பாடவேளைக்குள் ஏறிவிட்டது.

அதோடு விடவில்லை. அடுத்த கிழமை கணித டீச்சரையும் இழுத்துக்கொண்டு வந்து, தூரத்தை 20, 40, 60 என்று கூட்டிக்கொண்டு போய் நேரத்தை மட்டும் குறிக்கச் சொன்னோம். வேகம் எதையும் புரோகிராமுக்குள் வைக்கவில்லை. கிடை அச்சில் தூரம், நிலைக்குத்து அச்சில் மைக்ரோ செக்கன். நேர்கோடு வந்தது, படித்திறன் (கோட்டின் சாய்வு) 57க்குக் கிட்ட. போய்வருவதால் 2ஐ அதனால் பிரித்தால் ஒலியின் வேகத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். y = mx + c இல் c ஏன் பூச்சியமாக வரவில்லை என்று அவர்களே சண்டை பிடித்தார்கள். சில மேசைகள் டேப்பைச் சென்சரின் முகத்திலிருந்து பிடித்திருந்தன, சில பின்னால் இருக்கிற பலகையிலிருந்து. வெட்டுத்துண்டுக்கு, அதாவது அந்த cக்கு, இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடநூலிலும் நான் காணவில்லை.

பாவிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. சென்சரை மேசை விளிம்பில் வையுங்கள், உள்ளே தள்ளி வைத்தால் முன்னால் கிடக்கிற பென்சில் பெட்டியில் பட்டுத் திரும்பும். சுவர் நேராக எதிரே இருக்க வேண்டும், சரிவாக இருந்தால் ஒலி வேறு பக்கம் போய்விடும். திரைச்சீலையையும் சட்டைத் துணியையும் அளக்க முயன்றால் தாறுமாறாக எண்கள் வரும், அதுவும் ஒரு பாடம்தான், ஒலி உறிஞ்சலுக்கு.

வெப்பநிலைக்கு டீஎச்டீயை விட்டுவிட்டு டீஎஸ்18பீ20 என்ற சென்சரை வாங்குங்கள். உருக்குக் குழாய்க்குள் அடைத்து வயரோடு வருவது, தண்ணீருக்குள் விடலாம். அசல் என்றால் அரைப் பாகைக்குள் சரியாக இருக்கும். போலி கனக்கப் புழங்குகிறது, வாங்கி வந்ததும் ஐஸ் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள், 0ஐ ஒட்டி நிற்க வேண்டும். 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று தனியே வேண்டும், கடையில் கேட்காவிட்டால் தரமாட்டார்கள். நாங்கள் இதை இரண்டு கப் பிளேன்டீக்குள் விட்டோம், ஒன்று மூடி போட்டது, மற்றது திறந்தது. அறை 30 பாகை. மூடிய கப் 60இலிருந்து 45க்கு வர எடுத்த நேரமும் 45இலிருந்து 37.5க்கு வர எடுத்த நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. திறந்த கப்பில் முதல் பாதி சட்டென்று கழிந்தது, ஏன் என்று கேட்டதும் ஆவியாதல் என்று பதில் வந்தது. அறை வெப்பநிலைக்கு மேலே இருக்கிற மிச்சம்தான் பாதி பாதியாகக் குறைகிறது என்பதை ஏஎல்லில் சமன்பாடாகப் படிக்கப்போகிற பிள்ளைகள் ஓஎல்லிலேயே கண்ணால் பார்த்துவிட்டார்கள். பிளேன்டீயை யாரும் குடிக்கவில்லை, சென்சரின் பிளாஸ்ரிக் மணம்.

எல்ஈடி, தடையி எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், கெதியில் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வருகிற நீல நிறத் தடையிகளுக்கு ஐந்து பட்டை. வகுப்பில் நாம் படிப்பிப்பது நாலு பட்டை, பிள்ளைகள் குழம்புவார்கள். 220 ஓம் என்றால் சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, கடைசியில் பிழை வீதத்துக்குரிய கபிலம். ஒரு மல்டிமீற்றரால் அளந்து காட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது. 5 வோல்ற்றில் சிவப்பு எல்ஈடி 2 வோல்ற்றை எடுத்துக்கொண்டால் மிச்சம் 3, அதை 220ஆல் பிரித்தால் 13.6 மில்லி அம்பியர். ஓமின் விதிக்குக் கணக்குப் புத்தகத்தில் போட்ட எண்ணும் மீற்றரில் வந்த எண்ணும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கும் சந்தோசம் அவர்களுக்கு ஒரு தனி ரகம். பெரிய பிரெட்போர்டுகளில் (சாமான்களைச் செருகிச் சுற்று அமைக்கிற துளைப் பலகைகள்) ஓரத்துச் சிவப்பு நீலக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் உள்ளே கம்பியும் அந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். பாதிச் சுற்று வேலை செய்யாமல் பாதி நேரம் போவதற்கு இதுதான் காரணம்.

இப்போது ரோபோ. பெற்றோருக்கு ரோபோ வேண்டும், அதிபருக்குக் கண்காட்சிக்கு ரோபோ வேண்டும், வெள்ளவத்தையில் மதிலுக்கு மதில் ரோபோட்டிக்ஸ் வகுப்பு விளம்பரம் தொங்குகிறது. கறுப்புக் கோட்டில் ஓடுகிற காரைச் செய்ய இரண்டு பிள்ளைகள் போதும், மற்ற முப்பத்தெட்டுப் பேரும் கைதட்டுவார்கள். புரோகிராம் இணையத்திலிருந்து வரும், கண்காட்சி முடிந்ததும் கார் அலுமாரிக்குள் போகும், அடுத்த வருடம் பற்றரியில் பச்சையாகப் பூத்திருக்கும். கார் செய்வது கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அதில் எந்தப் பாடத்தின் எந்த அலகு படிப்பிக்கப்பட்டது என்று கேட்டுப்பாருங்கள், பதில் வராது. ஓஎல் விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பரீட்சை என்று தனியாக ஒன்று இல்லாத நாட்டில், வகுப்பு நேரத்தைச் செய்முறைக்குச் செலவழிக்க ஒரு டீச்சர் துணியவேண்டும் என்றால் அது பாடத்திட்டத்துக்குள்ளேயே நிற்கவேண்டும். அலகைச் சுட்டிக்காட்ட முடிந்தால் பகுதித் தலைவரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

நேரம் பெரிய பிரச்சினை. ஒற்றைப் பாடவேளையில் கணினியைத் திறந்து, போர்டைச் செருகி, வயர் இணைத்து முடிய மணி அடித்துவிடும். இரட்டைப் பாடவேளை கிடைக்காவிட்டால் தொடங்கவே வேண்டாம். நான் புரோகிராமை முன்கூட்டியே ஏற்றிவைத்து, சென்சரையும் இணைத்துத்தான் கொடுக்கிறேன், பிள்ளைகள் மாற்றுவது ஒரு வரியை மட்டும். ஐசிரி சேர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார், அவருடைய பாடத்தில் அவர் முழுதாக எழுதப் படிப்பிக்கட்டும். மேசைக்கு ஐந்து பேர், அதற்கு மேல் போனால் இரண்டு பேர் கதைக்கத் தொடங்குவார்கள். வீட்டு வேலைக்கு ரிங்கர்காட் இணையத்தளத்தில் சுற்றை வரைந்து இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் போனில் சரிவராது, கணினி வேண்டும்.

மைக்ரோபிற் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். 2016இல் பிபிசி பிரித்தானியாவில் ஏறத்தாழ பத்து லட்சம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த அந்தச் சின்னப் போர்ட்தான். தரம் 6 முதல் 9 வரைக்கும் என்றால் யோசிக்காமல் அதையே சொல்வேன். டிரைவர் தொல்லை இல்லை, கட்டங்களை இழுத்து ஒட்டியே புரோகிராம் எழுதலாம், முடுக்கமானியும் திசையறி கருவியும் உள்ளேயே இருக்கின்றன, இரண்டாம் பதிப்பில் ஒலிவாங்கியும் ஸ்பீக்கரும் உண்டு. அளந்த எண்களைத் தனக்குள்ளேயே சேமித்து அட்டவணையாகத் தரவும் அந்த இரண்டாம் பதிப்பால் முடியும், அது பெரிய உதவி. ஆனால் இங்கே அதன் விலை மலிவு ஊனோவைவிடப் பல மடங்கு, அது 3 வோல்ற்றில் ஓடுவதால் நான் மேலே புகழ்ந்த அந்தச் சாதாரண ஒலிச் சென்சர் அதோடு ஒழுங்காக வேலை செய்யாது, 3 வோல்ற்றுக்கு உரிய வேறு வகை தேடவேண்டும். மேல் வகுப்புக்கும் எண்ணிக்கைக்கும் ஊனோதான்.

விலையை எழுதச் சொல்லாதீர்கள். 2022இல் டொலர் 200இலிருந்து 360 வரைக்கும் ஏறியதிலிருந்து இந்தக் கடைகளில் விலைச்சீட்டு ஒட்டுவதையே விட்டுவிட்டார்கள், 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதும் இன்னொரு தடவை மாறியது. ஒப்பீடாகச் சொன்னால், ஒரு முழுப் பெட்டியின் காசுக்கு மூன்று போர்டும் மூன்று ஒலிச் சென்சரும் மூன்று வெப்பநிலைச் சென்சரும் அவற்றுக்குரிய பிரெட்போர்டுகளும் எனக்குக் கிடைத்தன. எட்டு மேசைக்கும் ஒவ்வொன்று கொடுக்க முடிந்தது இப்படித்தான்.

முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போவதென்றால் கிழமை நாளில் காலையில் போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு நிற்கவே இடமில்லை. காலி வீதியால் 100ஆம் இலக்க பஸ் எடுத்தால் நேரே கொண்டுபோய் விடும். உதிரிச் சாமானுக்குப் பெரும்பாலும் செக்கிங் வொரண்டி மட்டும்தான், ஆகவே கடையிலேயே செருகிப் பார்க்கக் கேளுங்கள். ஒரு கடையில் நான் கேட்டபோது “மிஸ், எல்லாம் புதுசு, செக் பண்ணத் தேவையில்லை” என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒலிச் சென்சரில் இரண்டு செத்தது, திரும்பக் கொண்டுபோனால் மாற்ற மாட்டார்களாம். அடுத்த கடைக்காரர் ஒரு சத்தமும் போடாமல் ஒவ்வொன்றையும் தன் போர்டில் செருகிக் காட்டினார், இப்போது அவரிடம்தான் வாங்குகிறேன். பெட்டியோடு வருகிற நீல நிற யூஎஸ்பி கேபிள் ஒரு அடிதான் இருக்கும், மேசைக்குக் கீழே சிபியூ இருந்தால் எட்டாது, நீளமானதைத் தனியே வாங்குங்கள். ஜம்பர் வயரை நினைத்ததைவிட இரண்டு மடங்கு எடுங்கள், பிள்ளைகளின் கையில் முதலில் சாவது அதுதான்.